வான்வழியும் கிப்லா வழியும்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறார். சென்ற ஆண்டின் இளவேனிற் காலத்தில் அவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. நலம் விசாரிப்பு இரண்டே வரிகள்தாம். எஞ்சியவை அனைத்தும் மனவேதனை.

அவருடைய வாப்பா, மகனைக் கண்டுவர ஊரிலிருந்து சென்றிருந்தார். எழுபதைக் கடந்தவர், ஐவேளைத் தொழுகையை விட்டறியாதவர். போய்ச் சேர்ந்த முதல் நாள் லுஹர் தொழுகைக்கு மகன் முஸல்லாவை விரித்தார். பெரியவர் சாளரத்தின் வழியே வெயிலைப் பார்த்தார். சுவரில் பேரப்பிள்ளைகள் ஒட்டி வைத்திருந்த உலகப் படத்தையும் பார்த்தார். முஸல்லா வடகிழக்கு நோக்கிக் கிடந்தது. படத்திலோ மக்கா, நியூயார்க்குக்குத் தென்கிழக்கே தெளிவாகத் தெரிந்தது. “மக்கா தெற்கே இருக்க, வடக்கே சாய்ந்து தொழுவது எந்த ஊர் வழக்கம்?” என்று கேட்டுவிட்டு, தம் முஸல்லாவை வேறு புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்று முதல் ஒரே அறையில் வாப்பா ஒரு திசையும் மகன் ஒரு திசையுமாகத் தொழுது வந்தனர். ஜமாஅத்தாக நிற்பது நின்றுபோயிற்று. பேரப்பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தனர். “ஹஜ்ரத், வாப்பாவிடம் வாதாட எனக்கு நா எழவில்லை. தாங்கள்தாம் ஒரு விளக்கம் எழுத வேண்டும்” என்று மடல் முடிந்திருந்தது.

மடலின் ஓரத்தில் வேறொரு செய்தியும் இருந்தது. ஊர் திரும்பும்போது வாப்பா உம்ரா செய்ய விரும்புவதால், நியூயார்க்கிலிருந்து இடையில் எங்கும் இறங்காமல் ஜித்தா செல்லும் விமானத்தில் பயணச்சீட்டு எடுத்திருப்பதாக எழுதியிருந்தார். அதைப் படித்ததும் நமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. அவர் நம்மிடம் கேட்ட விளக்கத்தை அந்த விமானமே கொடுத்துவிடும். அவருக்கு நாம் எழுதியதைச் சற்று விரித்து, வாசக அன்பர்களின் முன் வைக்கிறோம்.

விமானம் எவ்வழி செல்கிறது?

நியூயார்க்கின் கென்னடி வானூர்தி நிலையம் 1948-ல் வேறு பெயரோடு திறக்கப்பெற்று, 1963-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் வானூர்தி நிலையம் 1981-ல் திறக்கப்பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வான்தொலைவு 10,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இந்தத் தொலைவைக் கடக்க விமானம் எத்திசையில் புறப்படுகிறது? நியூயார்க் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 40½ பாகையில் இருக்கிறது. ஜித்தா 21½ பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே ஜித்தா தெற்கே தாழ்ந்து கிடக்கும் ஊர் என்பதில் ஐயமில்லை. எனினும் மிகக் குறுகிய வழியை மேற்கொள்ளும் விமானம், வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 59 பாகையில், அதாவது வடகிழக்கு நோக்கியே செல்லத் தொடங்கும். அவ்வழி கனடாவின் நோவாஸ்கோஷியாவையும் நியூஃபவுண்ட்லாந்தின் தென்முனையையும் ஒட்டிச் சென்று அட்லாண்டிக் பெருங்கடலில் நுழையும். நடுக்கடலில் ஏறத்தாழ 49½ பாகை வரை வடக்கே உயரும். அதன் பிறகே தெற்கே சாயத் தொடங்கி, பிரான்சின் தென்மேற்குப் பகுதி, கோர்சிகாத் தீவு, இத்தாலியின் தென்கோடி, மத்தியதரைக் கடல், எகிப்து என்று கடந்து, செங்கடலின் மேலாக ஜித்தாவை அடையும். காற்றையும் வானிலையையும் நாடுகளின் வான் எல்லைகளையும் கருதி, அன்றன்று இவ்வழி சற்று விலகலாம், அடிப்படை மாறுவதில்லை.

உலகப் படத்தில் இரு ஊர்களையும் அளவுகோலால் இணைத்து, திசைகாட்டியின் ஒரே பாகையைப் பிடித்துக்கொண்டு தென்கிழக்காகப் பறந்தால் என்ன ஆகும்? ஜித்தா வந்து சேரத்தான் செய்யும். ஆனால் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 10,860 கிலோமீட்டர். 600 கிலோமீட்டருக்கு மேல் வீண் சுற்று. மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் விமானத்துக்கு நாற்பது நிமிடங்களுக்கு மேற்பட்ட வீண் எரிபொருள். விமான ஓட்டிக்குக் கிப்லாவைப் பற்றிய கவலை இல்லை. அவர் எந்த மத்ஹபின் சார்பாகவும் வாதாட வந்தவர் அல்லர். எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவதே அவர் நோக்கம். அப்படிப்பட்டவர் வடகிழக்கே செல்கிறார் என்றால், அச்சாட்சியத்தைத் தள்ளிவிட முடியுமா?

இங்கே பயண நேரம் பற்றியும் ஒரு சொல். நியூயார்க்கிலிருந்து ஜித்தா செல்ல ஏறத்தாழ 12 மணி நேரம் பிடிக்கிறது. ஜித்தாவிலிருந்து திரும்புகையில் 13 மணி நேரத்துக்கும் மேலாகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே பறப்பவருக்கு ஊர் எதிர்கொண்டு வரும், நேரம் குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. நேரத்தின் வேற்றுமைக்குக் காரணம், விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் கடுங்காற்று. கிழக்கே செல்பவரை அது தள்ளிவிடுகிறது; மேற்கே செல்பவரை எதிர்க்கிறது. தொலைவு ஒன்றே, காலம் காற்றைப் பொறுத்தது.

படமும் உருண்டையும்

பெரியவரை மயக்கியது சுவரில் இருந்த படம். அவரை மட்டுமன்று, கற்றவர் பலரையும் அது மயக்கியிருக்கிறது. மெர்கேட்டர் என்பார் 1569-ல் வகுத்த முறைப்படி வரைந்த உலகப் படங்களே நெடுங்காலம் சுவர்களை அலங்கரித்தன. மாலுமிகள் திசைகாட்டியின் ஒரே பாகையைப் பிடித்துச் செல்லும் வழி நேர்கோடாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே அம்முறை வகுக்கப்பெற்றது. அந்தப் பயனுக்கு அது மிகப் பொருத்தமானது. ஆனால் உருண்டையை உரித்துத் தட்டையாக்கினால் எங்கேனும் இழுபடத்தான் வேண்டும். துருவத்தை நெருங்க நெருங்க நாடுகள் அப்படத்தில் பருத்துத் தோன்றும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காக் கண்டத்துக்கு நிகராக அதில் காட்சி தரும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகள் வைத்திருக்கும் பூகோள உருண்டையை எடுங்கள். ஒரு நூலின் ஒரு நுனியை நியூயார்க்கிலும் மறு நுனியை மக்காவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி, கனடாவின் கரையைத் தொட்டு, பின்னர் இறங்கி வரும். தென்கிழக்காகச் செல்லும்படி அதை வைத்துப் பாருங்கள். நூல் தளர்ந்து தொங்கும். இறுகிய நூலின் வழியே நேர்வழி. அதைச் சுற்றி முழுவதும் நீட்டினால், உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு வட்டம் கிடைக்கும். அதைக் கணித நூலார் பெருவட்டம் என்பர்.

நியூயார்க்கிலிருந்து மக்காவை நோக்கும் பெருவட்டம், வடக்கிலிருந்து கிழக்காக 58½ பாகை அளவில் அமைகிறது. விமானம் புறப்படும் பாகைக்கும் மகன் முஸல்லா விரித்த பாகைக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. இரண்டும் ஒரே கணக்கின் இரு விடைகள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் சொல்ல வந்த வரலாறு.

தொழுகைக்காகப் பிறந்த கணக்கு

எங்கிருந்தாலும் கஃபாவின் திசை நோக்கி முகம் திருப்புமாறு திருமறை கட்டளையிட்டது. இஸ்லாம் அரபு நாட்டுக்குள் அடங்கியிருந்த காலத்தில் அது எளிதாக இருந்தது. ஒரு பக்கம் ஸ்பெயின், மறு பக்கம் நடு ஆசியா என்று மக்கள் பரவியபோது, ‘நம் ஊரிலிருந்து மக்கா எத்திசை?’ என்ற வினா ஒவ்வொரு ஊரிலும் எழுந்தது. விடை காண வேண்டுமானால் பூமியின் அளவு தெரியவேண்டும். ஊர்களின் இடம் தெரியவேண்டும். உருண்டையின் மேல் முக்கோணம் போடத் தெரியவேண்டும்.

கி.பி. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மாமூன், பூமியின் அளவை அறிய வானநூலாரை இன்றைய ஈராக்கின் வடபகுதியில் உள்ள சிஞ்சார் சமவெளிக்கு அனுப்பினார். ஒரு குழு நேர் வடக்கே சென்றது. மற்றொன்று நேர் தெற்கே சென்றது. வானில் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நடந்து, நடந்த தொலைவை அளந்தனர். ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்ற அளவு அன்று பெயர்பெற்றது. கலீஃபாவின் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஹபஷ் அல்ஹாஸிப் போன்றோர் கிப்லாவைத் துல்லியமாகக் காணும் முறைகளை வகுத்தனர்.

இக்கருவிகள் அனைத்தையும் நம்மவரே படைத்தனர் என்று மார்தட்ட வேண்டியதில்லை. கிரேக்கரிடமிருந்து கோளக் கணிதம் வந்தது. பாரத நாட்டிலிருந்து வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்னும் கணக்கு வந்தது. அதை அரபுகள் ‘ஜீபா’ என்று எழுதினர். உயிர்க்குறி இல்லாத அரபு எழுத்தில் அது ‘ஜைப்’ என்றும் படிக்கப்பெற்றது. ஜைப் என்றால் ஆடையின் மார்பு மடிப்பு. லத்தீன் மொழியார் அப்பொருளைக் கொண்டு ‘சைனஸ்’ என்று பெயர்த்தனர். இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் ‘சைன்’ என்று படிப்பது இச்சொல்லே. ஒரு சொல் மூன்று நாகரிகங்களின் கைகளைக் கடந்து வந்திருக்கிறது. அறிவு ஒருவருக்கே உரிய சொத்தன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அல்பீரூனியின் நூல்

இத்துறையில் நம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பவர் அபூ ரைஹான் அல்பீரூனி. 973-ல் நடு ஆசியாவின் குவாரிஸ்ம் நாட்டுக் காத் நகரில் பிறந்தவர். இளமையிலேயே அவர் ஓர் அரிய செயலைச் செய்தார். 997-ஆம் ஆண்டு மே 24-ல் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. காத் நகரிலிருந்து அல்பீரூனியும், பக்தாதிலிருந்து முதிய கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானியும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அதை நோக்கினர். கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் அந்தந்த ஊரின் நேரம் வேறு. இருவரும் குறித்த நேரங்களின் வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி நேரம். வானம் ஒரு மணிக்குப் 15 பாகை சுழல்வதால், இரு ஊர்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்பது அதனால் விளங்கியது. தந்தியோ தொலைபேசியோ இல்லாத காலத்தில், நெடுந்தொலைவில் இருந்த இருவர் வானத்து நிலவையே கடிகாரமாக்கிக் கொண்டனர். இன்று நியூயார்க்குக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ள 113 பாகை, கதிரவனின் கணக்கில் ஏழரை மணி நேர வேற்றுமையாக நிற்பதும் இதே நெறியால்தான்.

பின்னர் 1017-ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது, அல்பீரூனி கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். விரும்பிச் சென்ற பயணமன்று அது. மறு ஆண்டு, அதாவது 1018-ல், காபூலுக்கு அருகே ஜைஃபூர் என்னும் சிற்றூரில் அவர் இருந்தார். மனம் நொந்திருந்த காலம். கையில் கருவி ஒன்றுமில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்டப் பகுதியைக் கீறிப் பாகைகளைக் குறித்து, ஒரு தூக்குக் குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கதிரவனின் உயரத்தை அளந்து அவ்வூரின் அட்சரேகையைக் கண்டார். நூலும் பலகையும் போதுமாக இருந்தன. அறியும் வேட்கை குன்றாமல் இருந்தது.

அந்த அலைச்சலின் நடுவே உருவாகி, ஹிஜ்ரி 416-ல், அதாவது 1025-ல் கஸ்னாவில் முடிந்த அவருடைய நூலின் பெயர், ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாக்கின் லி தஸ்ஹீஹி மஸாஃபாத்தில் மஸாக்கின்’. ‘ஊர்களின் இடையிலுள்ள தொலைவுகளைத் திருத்துவதற்காக, இடங்களின் எல்லைகளை வரையறுத்தல்’ என்பது அதன் பொருள். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தொலைவைத் திருத்துவதையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுந்ததை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கஸ்னாவின் கிப்லாவைக் காண்பது அந்நூலின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அதற்குப் பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வேற்றுமை தேவைப்பட்டது. ஒவ்வொரு ஊராகப் படி வைத்துச் சென்றார் அவர். வணிகக் கூட்டத்தார் இத்தனை ஃபர்ஸக் என்று சொல்லும் சாலைத் தொலைவை அப்படியே ஏற்கவில்லை; மலை சுற்றும் வழி, ஆறு வளையும் வழி எல்லாவற்றுக்குமாக அதில் ஒரு பகுதியைக் கழித்தார். எஞ்சியதை அட்சரேகைகளோடு சேர்த்துக் கோளக் கணிதத்தால் திருத்தினார். முடிவில் அவர் கண்ட வேற்றுமை 24⅓ பாகை. இன்றைய கருவிகள் சொல்வது 24 பாகைக்குச் சற்று மேல். ஒட்டக நடையை வைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பாகைப் பிழைக்குள் அவர் வந்துவிட்டார்! பின்னர் ஒரு முறையை மற்றொரு முறையால் சரிபார்க்கும் வண்ணம், கஸ்னாவின் கிப்லாவை நான்கு முறைகளால் கணித்துக் காட்டினார்.

இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா மலைக்கோட்டையில் அவர் பூமியின் அளவையும் கண்டார். மலையின் உயரத்தை முதலில் கணித்தார். அது ஏறத்தாழ 652 முழம். உச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். அது அரைப் பாகைக்குச் சற்று மேல். இவ்விரண்டு எண்களிலிருந்தே பூமியின் ஆரத்தைப் பெற்றார். பாலைவனத்தில் நடக்க வேண்டியதில்லை. ஒரு மலையும் ஒரு கோணமும் போதும். இத்தகைய வெற்றிக்குப் பின்னரும் அவர் செருக்கவில்லை. தம் விடை மாமூன் காலத்தார் விடையோடு நெருங்கி வருவதைச் சொல்லி, அவர்களுடைய கருவிகள் நுண்ணியவை, அவர்களுடைய உழைப்பு கடினமானது என்று கூறி, அவர்கள் கண்ட அளவையே தாம் கையாண்டார். அறிஞருக்கு அழகு இதுவன்றோ!

ஒரே முக்கோணம்

இக்கணக்கின் உள்ளுறை எளிது. பூமி உருண்டையின் மேல் மூன்று புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: வடதுருவம் ஒன்று, நாம் நிற்கும் ஊர் ஒன்று, மக்கா ஒன்று. மூன்றையும் பெருவட்ட வில்களால் இணைத்தால் ஒரு முக்கோணம் அமையும். இரு ஊர்களின் அட்சரேகை தெரிந்தால் துருவத்திலிருந்து இறங்கும் இரு பக்கங்களும் தெரியும். தீர்க்கரேகை வேற்றுமை தெரிந்தால் துருவத்தில் உள்ள கோணம் தெரியும். எஞ்சியவை இரண்டு: மூன்றாவது பக்கமும், நம் ஊரில் உள்ள கோணமும். மூன்றாவது பக்கம் தொலைவு. நம் ஊரின் கோணம் கிப்லா.

விமான நிறுவனத்தார் முன்னதைத் தேடுகின்றனர். தொழுகையாளி பின்னதைத் தேடுகிறார். முக்கோணம் ஒன்றே. நம் மத்ரஸா ஏடுகளில் ‘அர்ளுல் பலத்’, ‘தூலுல் பலத்’ என்று வருவன இவ்வட்சரேகையும் தீர்க்கரேகையுமே. இதே முக்கோணத்தை வைத்துத்தான், பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் நேரங்கணிப்பவராக இருந்த ஷம்சுத்தீன் அல்கலீலி, ஏறத்தாழ 3,000 இடங்களுக்குரிய கிப்லாப் பாகைகளை ஒரே அட்டவணையில் கணித்து வைத்தார்.

புதிய கண்டத்தில் எழுந்த பழைய வினா

அல்கலீலியின் அட்டவணை மக்காவிலிருந்து 60 பாகைக்கு அப்பால் செல்லவில்லை. அதற்கப்பால் தொழுகையாளிகள் வாழும் நிலம் ஒன்று இருக்கும் என்று அன்று யார் கண்டார்? இருபதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பள்ளிவாசல்கள் எழுந்தபோது, நம் மாணவரின் வீட்டில் எழுந்த வினா ஊர்தோறும் எழுந்தது. வாஷிங்டன் நகரின் இஸ்லாமிய மையம் 1957-ல் திறந்து வைக்கப்பெற்றது. அதன் கிப்லா வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 56½ பாகையில் அமைந்திருப்பது கண்டு, பலர் வியப்பும் ஐயமும் கொண்டனர். கணக்கோ சரியாகவே இருந்தது.

எனினும் தொடக்கத்தில் கட்டிய பள்ளிகள் பலவும் உலகப் படத்தைப் பார்த்துக் கிழக்கோ தென்கிழக்கோ நோக்கி நின்றன. 1978-ல் கமால் அப்தாலி என்னும் முஸ்லிம் அறிவியலாளர், வட அமெரிக்காவுக்குரிய தொழுகை நேரங்களையும் கிப்லாவையும் கணித்து நூலாக வெளியிட்டார். அதன்பின் பல பள்ளிகளில் ஸஃப்புகள் திருப்பப்பெற்றன. 1993-ல் தென்கிழக்கே சரியென்று வாதாடும் நூல் ஒன்றும் வெளிவந்தது. ஆக, நம் மாணவரின் வாப்பா தனியொருவர் அல்லர். அவருடைய ஐயம் கற்றோரிடத்தும் எழுந்ததே.

தொலைவில் இருப்பவர் கஃபாவையே நேராக நோக்க வேண்டுமா (ஐனுல் கஃபா), அதன் திசையை நோக்கினால் போதுமா (ஜிஹத்துல் கஃபா) என்பது இமாம்கள் விரிவாக ஆராய்ந்த பொருள். அதற்குள் நாம் இங்கே புகவில்லை. இரண்டில் எதைக் கொண்டாலும், திசை எதுவென்று அறிய முயல்வது கடமை என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. வடகிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே உள்ள 40 பாகைக்கு மேற்பட்ட வேற்றுமையை ‘ஏதோ ஒரு பக்கம்’ என்று விட்டுவிட இயலாது.

ஒரு குற்ற ஒப்புதலும் இங்கே வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் ‘இல்முல் ஹைஅத்’ என்னும் வானநூலுக்கும் இடம் இருந்தது. ‘ஷரஹ் சக்மீனி’ போன்ற ஏடுகள் ஓதப்பட்டன. நம் தலைமுறையில் அவ்வேடு அலமாரியில் இருந்தது. நாம் அதைத் தூசி தட்டி வைத்தோமேயன்றி, திறந்து பாடம் கேட்கவில்லை. அன்று நாம் அதைப் பயின்று, நம் மாணவருக்கும் ஓதிக் கொடுத்திருந்தால், தம் வாப்பாவிடம் சொல்ல அவருக்கே விளக்கம் இருந்திருக்கும். அவர் நா எழாமல் போனதில் நமக்கும் பங்குண்டு.

கதிரவன் தந்த தீர்ப்பு

கணக்கு அறியாதவரும் காணும்படி வானத்தில் ஒரு சான்று உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மே 27 அல்லது 28-லும் ஜூலை 15 அல்லது 16-லும், நண்பகலில் கதிரவன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நஸீருத்தீன் அத்தூஸி தம் ‘தத்கிரா’ நூலில் இதைக் கொண்டு கிப்லா காணும் வழியை எழுதியுள்ளார். அக்கணத்தில் கதிரவன் எத்திசையில் தெரிகிறதோ, அத்திசையே கஃபா. நம் நாட்டு நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. தரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலுக்கு நேர் எதிர்ப்புறம் நோக்கினால் போதும். சென்னையில் நின்று இதைச் செய்பவர், கிப்லா நேர் மேற்கன்று, மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தது என்பதைக் கண்ணாரக் காண்பார்.

நியூயார்க்கிலிருந்து மக்கா பூமிச் சுற்றின் கால் பங்குக்கும் சற்று அப்பால் இருப்பதால், அக்கணத்தில் அங்கே கதிரவன் இன்னும் எழுந்திராது. அடிவானத்துக்குக் கீழே, எழும் தறுவாயில் இருக்கும். கஃபாவின் உச்சியில் நிற்கும் அதே கதிரவனின் ஒளி, நியூயார்க்கின் அடிவானத்தை எந்தப் பக்கம் சிவக்கச் செய்கிறதோ, அந்தப் பக்கமே மக்கா. “மே 28 அன்று சுப்ஹுத் தொழுகை முடித்து, 5.18 மணிக்கு வாப்பாவை வெளியே அழைத்துச் செல்க. நீர் ஒன்றும் சொல்ல வேண்டா. வானம் எங்கே சிவந்திருக்கிறது என்று மட்டும் அவரே பார்க்கட்டும்” என்று எழுதி அனுப்பினோம்.

அவ்வாறே அழைத்துச் சென்றிருக்கிறார். வானம் தெளிவாக இருந்ததாம். ‘இந்நேரம் கதிரவன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது’ என்று மட்டும் மகன் சொன்னார். பெரியவர் வடகிழக்கே படர்ந்த செம்மையை நெடுநேரம் நோக்கி நின்றார். பத்து நிமிடங்களில் கதிரவன் அங்கேயே எழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று லுஹருக்குத் தம் முஸல்லாவை மகனுடைய முஸல்லாவின் முன்னே விரித்து, இமாமாக நின்றார்.

சில நாட்களுக்குப் பின் ஜித்தாவிலிருந்து பெரியவரே நம்மிடம் தொலைபேசியில் பேசினார். விமானத்தில் இருக்கையின் முன் உள்ள திரையில், செல்லும் வழியை முழுவதும் பார்த்துக்கொண்டே வந்தாராம். “ஹஜ்ரத், விமானமும் மகன் முஸல்லா விரித்த பக்கமாகத்தான் வந்தது” என்றார். சற்று நிறுத்தி, “இதையெல்லாம் நம் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டார்.

வரும் ஆண்டு முதல் சொல்லிக் கொடுப்பதாக அவருக்கு வாக்களித்திருக்கிறோம். ஒரு பூகோள உருண்டையும் ஒரு கண்டு நூலும் வாங்கியாயிற்று.